எலும்புக் கைப்பிடியின் வரலாறு

கருவி எதுவாயினும் அதன் கூர்மையைப் புகழ்வோர் பலர். அதன் பிடியை எண்ணிப் பார்ப்போர் சிலர். கத்தியின் வெட்டும் ஊசியின் குத்தும் கண்ணுக்குத் தெரிகின்றன. கையின் வலிமையை முனைக்குக் கொண்டு செல்லும் கைப்பிடியோ உள்ளங்கைக்குள் மறைந்துவிடுகிறது. உழைக்கும் மக்களின் வரலாறும் இத்தகையதே. ஆகவே, நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கென ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுத முற்பட்டபோது, அரசர்களின் போர்களை விடுத்துக் கைப்பிடி ஒன்றின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அதிலும், விலங்கின் எலும்பைப் பதப்படுத்திச் செய்யப்படும் கைப்பிடியைத் தேர்ந்துகொண்டோம்.

இதற்குக் காரணம் உண்டு. இறந்த மாட்டை அகற்றுதல், தோலை உரித்தல், எலும்பைச் சேர்த்தல் ஆகிய வேலைகள் இந்நாட்டில் பல நூற்றாண்டுகளாக நம்மவர்மீது சுமத்தப்பட்டு வந்தன. அவ்வேலையைச் சுட்டிக்காட்டியே நம்மைத் தீட்டுடையோர் என்று ஒதுக்கி வைத்தனர். இன்று படித்து முன்னேறிய நம் இளைஞருள் பலர், தம் பாட்டனார் என்ன தொழில் செய்தார் என்று எவரேனும் கேட்டால் பேச்சை மாற்றுகின்றனர். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், படிவத்தில் ‘தொழில்’ என்னும் கட்டத்துக்கு வந்ததும் தயங்கி நிற்பதை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அந்தத் தயக்கத்துக்கு வரலாற்றில் நியாயம் உண்டா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிலின் தொன்மை

மனிதன் எலும்பைக் கருவியாக்கியது மிகப் பழைய செய்தி. ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில், யானை, நீர்யானை முதலிய பெரு விலங்குகளின் எலும்புகளைத் தட்டிச் செதுக்கி ஆக்கிய கருவிகள் கிடைத்துள்ளன. அவை 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2025-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

பிரான்சு நாட்டின் தென்மேற்குப் பகுதியில் கிடைத்த சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. மானின் விலா எலும்பைத் தேய்த்து, முனையை வழவழப்பாக்கிச் செய்த சிறு கருவிகளை அங்கே கண்டெடுத்தனர். பதனிட்ட தோலின் மேல் அழுத்தித் தேய்த்து, அதை மிருதுவாக்கவும் மெருகேற்றவும் அவை பயன்பட்டன. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நியாண்டர்தால் மாந்தர் அவற்றைச் செய்தனர் என்பது 2013-இல் வெளியான ஆய்வின் முடிவு. அதே வடிவுடைய எலும்புத் துண்டைத் தோல் தொழிலாளர் நம் காலத்திலும் கையாளுகின்றனர். நூல் கட்டுவோர் தாளை மடித்துப் படியவைக்கப் பயன்படுத்தும் எலும்புத் தகடும் இதன் உறவே.

இனிக் கைப்பிடிக்கு வருவோம். இன்றைய இசுரேல் நாட்டிலுள்ள கார்மேல் மலைக் குகைகளில் 1929 முதல் 1934 வரை டோரதி காரட் என்னும் அம்மையார் அகழ்வாய்வு நடத்தினார். 1939-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண்மணி அவரே. அக்குகைகளிலும் அருகிலுள்ள கெபாரா குகையிலும் எலும்பாலான அரிவாள் பிடிகள் கிடைத்தன. எலும்பின் ஓரத்தில் நீண்ட பள்ளம் வெட்டி, அதில் சிறு கல் அலகுகளை வரிசையாகப் பதித்து, காட்டுத் தானியத்தை அறுத்திருக்கின்றனர். சில பிடிகளின் முனையில் விலங்கின் தலையும் செதுக்கப்பட்டிருந்தது. இவை ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. விதைத்துப் பயிர் செய்யும் முறை வேரூன்றும் முன்னரே, அறுவடைக் கருவியின் பிடியாக எலும்பு மனிதனின் கையில் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

துருக்கி நாட்டில் சாட்டல்ஹூயூக் என்னும் பழைய குடியிருப்பை 1960-களில் அகழ்ந்தபோது, கல்லாலான குத்துவாள் ஒன்று கிடைத்தது. அதன் எலும்புப் பிடி, சுருண்ட பாம்பின் வடிவில் செதுக்கப்பட்டிருந்தது. எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கைத்திறனை இன்று அங்காரா அருங்காட்சியகத்தில் மக்கள் வியந்து பார்க்கின்றனர்.

நம் நாட்டிலும் சான்றுகளுக்குக் குறைவில்லை. காசுமீரத்தின் புர்சகோமிலும், பீகாரில் கங்கைக் கரையிலுள்ள சிராந்திலும் புதிய கற்கால மக்களின் எலும்புக் கருவிகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. இலங்கையின் பாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பு அம்பு முனைகள் அறியப்பட்டுள்ளன. தமிழகத்தில், தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி அறிக்கை, நெசவில் பயன்பட்ட கூரிய எலும்பு முனைகளைக் குறிப்பிடுகிறது. வைகைக் கரையில் எழுத்தறிவும் நெசவும் தழைத்திருந்த ஊரில், எலும்பு ஒரு தொழிற்பொருளாகப் புழங்கியது என்பதற்கு இது சான்று.

எலும்பைப் பக்குவப்படுத்தும் முறை

எலும்பில் கைப்பிடி செய்தல் எளிய வேலையன்று. எல்லா எலும்பும் இதற்கு உதவாது. மாட்டின் முழங்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலே அமைந்த நீண்ட எலும்பே சிறந்தது. அது நேராக இருக்கும். அதன் சுவர் தடித்திருக்கும். அதன்மேல் சதையும் குறைவு. இரு முனைகளிலும் உள்ள மூட்டுப் பகுதி பஞ்சு போன்ற துளைகள் உடையது. ஆதலால் அவற்றை முதலில் அறுத்து நீக்குவர். பின்னர் உள்ளே இருக்கும் மச்சையைக் குச்சியால் தள்ளி வெளியேற்றுவர். மேலே ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் கத்தியால் சுரண்டுவர். அதன்பின் குளிர்ந்த நீரில் சில நாள் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றுவர்.

அடுத்த படி கொழுப்பை அகற்றுதல். சலவைச் சோடா கலந்த நீரில் எலும்பை இட்டுச் சிறு தீயில் சூடாக்க வேண்டும். நீர் தளதளவென்று கொதித்தல் கூடாது. ஏன் என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. எலும்பில் இருவகைப் பொருள்கள் உள்ளன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சுண்ணமும் பாஸ்பரமும் சேர்ந்த கனிமம். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் நார்ப் புரதம். முன்னது எலும்புக்குக் கடினத்தைத் தருகிறது; பின்னது முறியாத தன்மையைத் தருகிறது. கோழியெலும்பு ஒன்றைக் காடியில் சில நாள் ஊறவைத்தால் கனிமம் கரைந்து எலும்பு வளையும். மற்றொன்றை நெருப்பில் இட்டால் புரதம் எரிந்து, தொட்டவுடன் பொடியும். இச்சோதனையைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம். நெடுநேரம் கொதிக்கவைத்தால் புரதம் வச்சிரப் பசையாகக் கரைந்து வெளியேறும். அந்த எலும்பில் செய்த பிடி விரைவில் வெடிக்கும். கொழுப்பு சிறிது தங்கினாலோ பிடி மஞ்சளாகும், நாறும், பசையும் ஒட்டாது. இவ்விரண்டுக்கும் நடுவே பக்குவம் அறிந்து இறக்குவதில்தான் தொழிலாளியின் அனுபவம் இருக்கிறது.

இறக்கிய எலும்பை நிழலில் மெல்ல உலர்த்துவர். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் நீளவாட்டில் கீறல் விழும். நன்கு உலர்ந்தபின் வெண்மை வேண்டுமாயின் வெயிலில் வைப்பர்; இக்காலத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்துகின்றனர். வெளுக்கும் தூளோ எலும்பையே அரித்துவிடும்.

கைப்பிடியைப் பொருத்துவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, எலும்பின் இயற்கையான துளையையே பயன்படுத்துவது. உருக்கிய அரக்குடன் செங்கல் தூளைக் கலந்து துளையில் நிரப்பி, சூடாக்கிய இரும்பின் பின்முனையை அதனுள் செலுத்துவர். ஆறியதும் இரும்பும் எலும்பும் ஒன்றாக இறுகிவிடும். மற்றொன்று, எலும்பைத் தட்டையான இரு தகடுகளாக அறுத்து, இரும்பின் இருபுறமும் வைத்துத் துளையிட்டு ஆணி அறைவது. அறுக்குமுன் எலும்பை நீரில் ஊறவைத்தால் வாள் எளிதாக இறங்கும், தூசியும் குறையும். பின்னர் அரத்தால் உருவாக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியில் சுண்ணக்கட்டித் தூளோ நுண்ணிய சாம்பலோ தொட்டு மெருகேற்றுவர். கைப்பழக்கத்தால் அம்மெருகு நாளடைவில் மேலும் ஏறும்.

எந்தக் கருவிக்கு எலும்புப் பிடி ஏற்றது என்பதும் அறிவே. குத்தூசி, தோல் சீவும் சிறு கத்தி, செதுக்குக் கத்தி, உணவு மேசைக் கத்தி ஆகியவற்றுக்கு அது மிகப் பொருத்தம். வியர்வையில் எளிதில் வழுக்காது. உள்ளங்கையில் அடக்கமாக அமரும். சுத்தியலால் அடிபடும் உளிக்கும், வீசி வெட்டும் கோடரிக்கும் அது ஆகாது, அதிர்ச்சியில் பிளந்துவிடும். அவற்றுக்கு மரமே தக்கது.

இத்தொழிலில் தீங்கும் உண்டு. எலும்புத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அடைப்பான் நோயால் இறந்த கால்நடையின் உடலைத் தொடுவது மனித உயிருக்கே ஆபத்து. அந்நோயின் கிருமிகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்த்திருக்க வல்லவை. கையுறையும் முகமூடியும் இன்றி, எந்த நோயால் இறந்தது என்று கேட்கும் உரிமையும் இன்றி, கிடந்த உடலைத் தூக்கச் செய்யப்பட்டவர்கள் நம் முன்னோர். தீட்டு என்று சொல்லி விலகி நின்றவர்கள் எவரும் அந்த ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

செஃபீல்டும் சேரியும்

இங்கிலாந்தின் செஃபீல்டு நகரம் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாகக் கத்தித் தொழிலாளருக்கென ஒரு சங்கம் அமைந்தது. தொழில் பயில்வோருக்கு விதிகளை வகுத்தல், பொருளின் தரத்தைக் காத்தல், தொழிலாளியின் முத்திரையைப் பதிவு செய்தல் ஆகியவை அதன் பணிகள். அதன் தலைவராக ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது இன்றும் அந்நகரில் பெருமைக்குரிய நிகழ்ச்சி. மாட்டெலும்பை அறுத்துக் கத்திப்பிடி செய்தோரும் அந்நகரத் தொழிலுலகின் ஒரு பகுதியினரே. அவர்கள் பட்டறையில் விழுந்த எலும்புத் தூளை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுற்றுப்புற உழவர்கள் வயலுக்கு உரமாக வாங்கிச் சென்றனர்.

அங்கும் தொழிலாளி வறியவனே. கத்தி தீட்டுவோர் கல் தூசியால் நுரையீரல் கெட்டு இளமையிலேயே மாண்டனர். ஆயினும் எலும்பைத் தொட்டவன் என்பதற்காக அவனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை. அவன் பிள்ளைக்குக் கிணற்று நீரை மறுக்கவில்லை.

அதே எலும்பு பிற வடிவங்களிலும் உயர்ந்தோர் வீட்டுக்குள் நுழைந்தது. எலும்புச் சாம்பலை ஏறத்தாழப் பாதியளவு கலந்து செய்யும் மெல்லிய பீங்கான், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. எலும்புக் கரியால் வடிகட்டி வெளுத்த சர்க்கரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் விற்பனையாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்தும் எலும்பு கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயிற்று. ஊருக்கு வெளியே அதைப் பொறுக்கிச் சேர்த்தவன் தீண்டத்தகாதவனாகவே இருந்தான். பீங்கான் கோப்பையாகவும் கத்திப்பிடியாகவும் அது திரும்பி வந்தபோது, மேசைமேல் மதிப்புடன் வைக்கப்பட்டது.

தீட்டு எங்கே இருக்கிறது?

இம்முரண்பாடு புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் திருநாளைப்போவாராகிய நந்தனாரின் வரலாறு வருகிறது. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுப்பதை அவர் தம் தொண்டாகச் செய்து வந்தார். அவை யாவும் மாட்டின் உடலிலிருந்து கிடைப்பவை. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் முழங்கிற்று. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். பொருளில் தீட்டு இருந்திருந்தால் அது முரசோடு உள்ளே சென்றிருக்க வேண்டும். அது செல்லவில்லை. ஆகவே தீட்டு என்பது பொருளின் குணம் அன்று; மனிதனைப் பிரித்து வைப்பதற்காக மனிதன் வகுத்த ஏற்பாடு.

பிற நாட்டிலும் இதற்கு ஒப்பு உண்டு. ஜப்பானில் இறந்த கால்நடைகளையும் தோலையும் கையாண்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக இழிவுபடுத்தப்பட்டனர். 1871-இல் அரசாணை அவர்களைப் பிற குடிகளுக்கு நிகராக அறிவித்தது. ஆணையால் மட்டும் இழிவு நீங்காமையால், 1922-இல் அவர்களே ஒன்றுகூடிச் ‘சுய்கேய்ஷா’ என்னும் சமத்துவ இயக்கத்தைக் கண்டனர்.

நம் நாட்டில், வாரணாசியில் செருப்புத் தைத்து வாழ்ந்த இரவிதாசர், தம் குலத்தார் நகரைச் சுற்றி இறந்த மாடுகளைச் சுமப்போர் என்பதைத் தம் பாடலில் மறைக்காமல் கூறினார். தொழிலைச் சொல்ல அவர் நாணவில்லை. அண்ணல் அம்பேத்கரோ 1927-ஆம் ஆண்டு மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதையும் இழிவான ஊர் வேலைகளையும் விட்டொழிக்குமாறு நம் மக்களை அறைகூவி அழைத்தார். இவ்வேலையை விட்டால் தோல், கொம்பு, எலும்பு ஆகியவற்றால் வரும் வருமானம் போய்விடுமே என்று ஒருவர் ஏட்டில் எழுதினார். இலாபமுள்ள தொழில் என்றால் நீங்களே அதைச் செய்யுங்கள், என் கையிலிருந்தும் பணம் தருகிறேன் என்று அவர் விடையிறுத்ததை, 1956 அக்டோபர் 15 அன்று நாகபுரி உரையில் நினைவுகூர்ந்தார்.

இரவிதாசரும் அம்பேத்கரும் முரண்பட்டோர் என்று எவரும் கருத வேண்டா. முன்னவர் உழைப்பைக் குறித்து நாணம் வேண்டாம் என்றார். பின்னவர் கட்டாயத்துக்குப் பணிய வேண்டாம் என்றார். இவ்விரண்டையும் ஒருங்கே கொள்வதுதான் நமக்குரிய வழி. விரும்பிக் கற்று, விலை பேசி விற்று, வேண்டாதபோது விட்டுவிடக்கூடியது தொழில். பிறப்பைக் காட்டிச் சுமத்தப்படுவது அடிமைத்தனம்.

சட்டம் தரும் காப்பு

இவ்வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. 1955-இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. தீண்டாமையின் பெயரால் ஒருவரை இறந்த விலங்கின் உடலை அகற்றவோ தோலை உரிக்கவோ கட்டாயப்படுத்துவது குற்றம் என்று அத்திருத்தம் கூறுகிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டியல் வகுப்பினரை இறந்த உடலைச் சுமக்கவோ அகற்றவோ செய்வதைத் தண்டனைக்குரிய வன்கொடுமையாக்கியது. அத்திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதே ஆண்டு சூலை 11 அன்று குசராத்தின் உனா வட்டத்தில், இறந்த பசுவின் தோலை உரித்த நம்மவர்கள் கட்டப்பட்டு அடிக்கப்பட்டனர். செய்யாவிட்டால் குற்றம் என்று பல தலைமுறை கூறப்பட்ட வேலை, செய்தபோதும் குற்றமாக்கப்பட்டது. சில நாளில் சுரேந்திரநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் இறந்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டு மக்கள் போராடினர். இவ்வேலையை இனிச் செய்வதில்லை என்று ஆகத்து 15 அன்று உனாவில் கூடி உறுதி பூண்டனர். சட்டத்தை அறிந்திருப்பதும் ஒற்றுமையாக நிற்பதும் எத்துணை இன்றியமையாதவை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

இன்றைய நிலை

நெகிழிப் பிடிகளும் வெந்நீரில் கழுவும் பழக்கமும் பெருகியபின் எலும்புப் பிடியின் இடம் சுருங்கிற்று. வெந்நீரில் அடிக்கடி முக்கினால் எலும்பு வெடிக்கும். ஆயினும் தொழில் மறைந்துவிடவில்லை. உத்தரப் பிரதேசத்தின் சம்பல் மாவட்டத்தில் கொம்பிலும் எலும்பிலும் கைவினைப் பொருள்கள் செய்யப்படுகின்றன. 2018-இல் அம்மாநில அரசு தொடங்கிய ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ திட்டத்தில் அம்மாவட்டத்துக்குரிய பொருளாக இதுவே அறிவிக்கப்பட்டது. இலக்குமணபுரியில் தந்தம் செதுக்கிய கைகள், தந்த வணிகம் தடை செய்யப்பட்டபின் மாட்டெலும்பைச் செதுக்கத் தொடங்கின. நேற்று இழிவு என்று ஒதுக்கிய பொருள் இன்று கைவினைக் கண்காட்சியில் விலை பெறுகிறது. அந்த விலையில் எவ்வளவு, உழைத்த கைக்குச் செல்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நாம் செய்ய வேண்டுவன

எலும்பின் பக்குவமும் தோலின் பதமும் அறிந்த நம் முதியோர் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் வேதியியலாளர் பின்னர் எழுதிய உண்மைகளைக் கையால் அறிந்திருந்தனர். அவர்களிடம் எழுத்து இல்லாமையால் அவ்வறிவு அவர்கள் பெயரில் பதிவாகவில்லை. எழுத்து நம்மிடம் வந்துவிட்டது. ஆகவே நம் இளைஞர்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, தத்தம் குடும்பத்து முதியோரிடம் அமர்ந்து அவர்கள் செய்த தொழிலைக் கேட்டு, கருவிகளின் பெயரையும் செய்முறையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அவர்கள் பட்ட அவமதிப்பையும் விடாமல் எழுதுங்கள், அதுவும் வரலாறே. இரண்டாவது, வீட்டில் கிடக்கும் பழைய குத்தூசி, தோல் கத்தி முதலியவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் நம் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவாருங்கள். நூலக அறையில் ஒரு பேழையில் வைத்துக் காப்போம். மூன்றாவது, எவரேனும் உங்களையோ உங்கள் பெற்றோரையோ பிறப்பைக் காட்டி இழிவேலைக்கு அழைத்தால், அது குற்றம் என்பதைச் சொல்லுங்கள், சங்கத்துக்கும் தெரிவியுங்கள்.

மருத்துவராக விரும்புவோர் மருத்துவராகுங்கள். பொறியாளராக விரும்புவோர் பொறியாளராகுங்கள். எப்பதவிக்குச் சென்றாலும், பாட்டனாரின் தொழிலை எவரேனும் கேட்டால் நிமிர்ந்து சொல்லுங்கள். தலை குனிய வேண்டியவர்கள் அவர் கையால் பயன் பெற்று, அந்தக் கையைத் தீண்ட மறுத்தவர்களே.